ஏகாம்பரம் வண்டியின் பல்புகள்

ஹெட்லைட் பல்பை மாற்ற ஐந்து நிமிடம் போதும். அது ஏன் அடிக்கடி போகிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஓர் ஆயுசு வேண்டும். 1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு தகரக் கொட்டகையில் நான் ஆட்டோ எலக்ட்ரீஷியனாகக் கடை போட்டிருந்தேன். இன்றைக்கு ஒரகடம் பக்கம் காரையே வரிசை வரிசையாகச் செய்து தள்ளுகிறார்கள். அன்றைக்கு அந்த ரோட்டில் ஒரு கார் போனால் அது யாருடையது, ஓட்டுகிறவர் யார், எந்த விசேஷத்துக்குப் போகிறார்கள் என்பதுவரை கடையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். என் சொத்து ஒரு மீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், நிறைய வாய். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. வாரத்துக்கொரு பல்பு மாற்றி நொந்து நூலானவர்கள் உங்களிலும் இருப்பார்கள். வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

ஹாரன் பிரியர்

படப்பையிலிருந்து ஒரு வேன்காரர் வருவார். கல்யாண சவாரி அடிப்பவர். அவர் வண்டியில் இரண்டு ஹெட்லைட்டும் ஜோடியாகத்தான் போகும். ஒரு பக்கம் மட்டும் போனால் ஒயரைப் பார்க்கலாம், ஹோல்டரைப் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து போனால் சார்ஜ் எகிறுகிறது என்று அர்த்தம். மீட்டரை வைத்தேன். பதினாலு வோல்ட்டில் நிற்க வேண்டிய முள் பதினாறைத் தாண்டிப் போய் நின்றது.

சார்ஜைக் கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டரைத் திறந்தால், உள்ளே யாரோ திருப்புளி போட்டு நன்றாகத் திருகி வைத்திருந்தார்கள். யார் வேலை இது என்றேன். தான்தான் என்றார், கொஞ்சம் பெருமையாகவே. மாப்பிள்ளை வருவது மண்டபத்துக்குக் கேட்க வேண்டாமா, அதற்காக ஹாரனுக்குக் கூடுதல் கரண்ட் கொடுத்தாராம். எல்லாவற்றையும் சரிசெய்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றார். "பல்பு நல்லாத்தான் எரியுது. ஆனா ஹாரன் அழுவுற மாதிரி கீதுபா, கல்யாண வண்டின்னு யாரு நம்புவான்?"

கோளாறு இல்லாத வண்டி

ரைஸ் மில் ஏகாம்பரத்தை அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. தங்கமான மனுஷன், கோபம் வந்தால் மட்டும் தகரம். அவருடைய காரைப் பதினோரு வருஷமாக ஓட்டியவர் சேரப்பணஞ்சேரி ஆரோக்கியசாமி. அதிர்ந்து பேசமாட்டார். ஏகாம்பரம் புதுசாக ஹாலஜன் பல்புக்கு மாறியிருந்தார். தானே மெட்ராஸுக்குப் போய் வாங்கி வருவார். டிரைவர் மாட்டுவார். ஒரு மாதத்துக்குள் நாலு பல்பு காலி.

காரைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆரோக்கியசாமியை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லி மீட்டர் பார்த்தேன். பதினாலில் ஆணி அடித்ததுபோல் நின்றது. எர்த் சுத்தம், ஹோல்டர் இறுக்கம், தண்ணீர் புகுந்த அடையாளமும் இல்லை. போன பல்புகளைக் காட்டுங்கள் என்றேன். தூக்கிப் போட்டுவிட்டேன் என்று ஆரோக்கியசாமி தரையைப் பார்த்துச் சொன்னார். நாலையுமா என்றேன். நாலையும்தான் என்றார். நான் அதை அதோடு விட்டுவிட்டு, ஏகாம்பரத்திடம் போய் வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று கம்பீரமாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தக் காரில் வேறு டிரைவர். விசாரித்தால், நல்ல பல்பைக் கழற்றி விற்றுவிட்டு, பல்பு எரிந்துபோய்விட்டது என்று கதை சொன்னதாக ஆரோக்கியசாமியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். திருடன் என்று பேர் வாங்கிய டிரைவருக்கு எங்கள் ஊரில் மாட்டு வண்டிகூடக் கிடைக்காது. நேராக மில்லுக்குப் போய், அந்த ஆள் அப்படிப்பட்டவர் இல்லை என்றேன். ஏகாம்பரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டியில கோளாறு இல்லன்னு நீதானே சொன்னே? அப்போ கோளாறு வேற எங்க இருக்குது?"

ஐந்தாவது பல்பு

மூன்று வாரம் அந்தப் பதில் என்னை அரித்தது. ஆரோக்கியசாமி தினமும் சைக்கிளில் வந்து ஒவ்வொரு கார் ஷெட்டாக வேலை கேட்டுவிட்டுத் திரும்புவதைக் கடையிலிருந்தே பார்ப்பேன். எதிரில் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒருநாள் ஏகாம்பரமே வந்தார். புது டிரைவர் மாட்டிய பல்பும் போய்விட்டது. இந்தத் தடவை செத்த பல்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடியில் ஒரே இடம் மட்டும் கொப்புளம்போல் உப்பி, அதைச் சுற்றிக் கருகல் வளையம். வளையத்தின் ஓரத்தில் துளியூண்டு சிவப்பு. இது என்ன என்று கேட்டேன். குங்குமம், வேறென்ன என்றார். புதுப் பல்பு ஒவ்வொன்றையும் வல்லக்கோட்டைக்குக் கொண்டுபோய், முருகன் சந்நிதியில் வைத்து எடுத்து, தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் இட்டுத்தான் டிரைவரிடம் கொடுப்பாராம்.

ஹாலஜன் பல்புக் கண்ணாடியில் விரல் பிசுக்குப் பட்டாலே ஆகாது. அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி உப்பிவிடும், பல்பு போய்விடும். நாங்கள் துணி வைத்துத்தான் பிடிப்போம். சந்தனமே அப்பினால் அது என்ன செய்யும்? இதை அவரிடம் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. சாமியைக் குறை சொல்வதாக ஆகிவிடக் கூடாது, சொல்லாமலும் இருக்கக் கூடாது. தப்பு என்னுடையது, அன்றைக்கே செத்த பல்பைப் பார்க்காமல் பேசிவிட்டேன் என்று ஆரம்பித்து ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பல்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ அஞ்சு பல்பையும் எரிச்சது நான்தானா?"

சேரப்பணஞ்சேரி போய்த் திரும்பியது

அப்படியே கிளம்பலாம் என்றார். புது டிரைவரைக் கடையிலேயே விட்டுவிட்டு அவரே காரை ஓட்டினார். பழக்கம் விட்டுப்போனதால் சேரப்பணஞ்சேரி சேர்வதற்குள் என் உயிர் இரண்டு தடவை போய்வந்தது. ஆரோக்கியசாமி வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். முதலாளியைப் பார்த்ததும் எழுந்து கைலியை இறக்கிவிட்டார். ஏகாம்பரத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. பொட்டு வைத்ததால்தான் போயிருக்கிறது, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுச் சாவியை நீட்டினார். ஆரோக்கியசாமி உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து சாவியை வாங்கிக்கொண்டார். அவர் மனைவி மட்டும் எங்கள் இருவரையும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அது நியாயம்தான்.

திரும்பும்போது நான் முன்சீட்டில் இருந்தேன். பின்சீட்டில் ஏகாம்பரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். இனிமேல் பொட்டைப் பானெட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் பொதுவாகச் சொன்னார். எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பல்புகளைத் தூக்கி எறியாமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்று ஆரோக்கியசாமியிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் கண்ணாடியில் ஒருமுறை பின்சீட்டைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டார். "ரெண்டாவது பல்புலயே தெரிஞ்சிபோச்சிண்ணே, பொட்டு வெச்ச எடந்தான் உப்பிகினு கீது. நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். சாமி பொட்டாலதான் பல்பு போவுதுன்னு என் வாயால எப்டி சொல்றது? அது கருகிக் கெடக்குறதப் பாத்தா அவுரு மனசு கஷ்டப்படுமேன்னுதான் ஏரியில போட்டேன். என்னத் திருடன்னு சொன்னா அது என்னோட போவும்."

வண்டியில் இருந்த எல்லாவற்றுக்கும் மீட்டர் வைத்துப் பார்த்த மகா எலக்ட்ரீஷியன் நான். காரணம் தெரிந்த ஒரே ஆளை மட்டும் ஆக்ஸிலேட்டர் மிதிக்கச் சொல்லி உட்காரவைத்திருந்தேன்.