தில்லையம்பலத்தார் ட்வீ படிக்கிறார்

"முருங்கைக்காய் அந்தக் கரையில. வெண்டிக்காய் நேத்தையான். பிறகு வந்து சொல்லேல்லை எண்டு நிக்கக்கூடாது."

கடை ஷட்டரை இழுக்கும் கொக்கித்தடியை நீட்டி இரண்டையும் எனக்குக் காட்டுகிறார் தில்லையம்பலத்தார், உயரமான ஸ்டூலில் இருந்தபடியேதான். அந்த ஸ்டூலை விட்டு அவர் எழும்பி நான் பார்த்தது கிடையாது. சாமான் இறக்க வரும் லொறிக்காரர், பரிசோதனைக்கு வரும் கவுன்சில் அதிகாரி, கோயில் தலைவர், எல்லோருக்கும் ஒரே வரவேற்புத்தான். தடி கொஞ்சம் உயரும், தலை கொஞ்சம் ஆடும். கேட்டால் "நாரிப் பிடிப்பு" என்பார், இடுப்பு பிடித்துக்கொண்டதாம். அந்தப் பிடிப்பு கோயில் தேர் இழுக்கும் நாளில் மட்டும் அவரை விட்டுவிடும்.

தோர்ண்டன் ஹீத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கடை. பெயர்ப்பலகையில் முருகன் வேலோடு நிற்கிறார். உள்ளே முக்கால்வாசியும் கானா நாட்டுச் சாமான்: யாம் கிழங்கு, கசாவா, சிவப்புப் பனை எண்ணெய், கரியாய்க் கறுத்த புகைமீன். நம்மவர்கள் வருவது கறிவேப்பிலைக்கும் குறை சொல்வதற்கும். கடையைத் தூக்கி நிறுத்தியவர்கள் கானாப் பெண்கள்தான் என்பதை அவரே ஒத்துக்கொள்வார். எந்த யாமை இடித்தால் பசை பிடிக்கும், எது அவிக்க மட்டும் ஆகும் என்று தடியாலேயே பிரித்துக் காட்டுவார். ஆனால் அந்தப் பெண்கள் பேசும் ட்வீ மொழியில் இருபத்திரண்டு வருடத்தில் அவர் கற்றது ஒரே ஒரு சொல்: மெடாசெ, அதாவது நன்றி. யாவாரத்துக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு மகன் நிரூபன் மெலனியைக் கூட்டி வந்தான்.

மெலனி குரொய்டனில் பிறந்த கானாப் பெண். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் பூங்கொத்தோடு வந்து, "வணக்கம் மாமா" என்று பாடமாக்கியதைச் சொன்னாள். தில்லையம்பலத்தார் சோபாவிலிருந்து எழும்பவில்லை. டிவியிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. குசினிப் பக்கம் திரும்பி மனைவி சிவகௌரியிடம் கேட்டார்: "உதை ஏன் இஞ்சை கொண்டுவந்தவன்?"

அழுகின கிழங்குப் பெட்டியைச் சொல்வதுபோல 'உது' என்று சொன்னார். திரும்பிப் போகும்போது காரில் மெலனி, 'உது' என்றால் என்ன என்று கேட்டிருக்கிறாள். நிரூபனுக்குப் பொய் சொல்ல வராது. அடுத்த மாதமே இல்ஃபோர்ட்டில் ஒரு ஃபிளாட் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பின் அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"யாவாரம் வேறை, சம்பந்தம் வேறை" என்று தில்லையம்பலத்தார் அப்போது எனக்கு விளக்கம் சொன்னார், ஒரு கானா அம்மாவுக்கு யாமைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே. எனக்கு வந்த கோபத்தில் எடுத்த முருங்கைக்காயைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை போய் வாங்கினேன். அந்தப் பக்கத்தில் நல்ல முருங்கைக்காய் வேறெங்கும் கிடையாது.

இந்த வருடம் பங்குனி மாதத்தில் நிரூபனின் அழைப்பு வந்தது. கடையில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அவர் பழக்கம். அதனால் நானும் கேட்டேன்.

"அப்பா, கலியாணம் முற்றாகுது. அவையின்ர முறைப்படி மாப்பிளை பகுதிதான் போய்க் கதவைத் தட்டிப் பொம்பிளை கேக்கவேணும். நீங்கள் வரலாம். ஆனா மெலனியின்ர முகம் இன்னொருக்காக் கோணிச்சுதெண்டா, அதுதான் நீங்கள் என்னைக் காணுற கடைசி நாள்."

"மாப்பிளையின்ர தேப்பன் போய்க் கதவைத் தட்டுறதோ?" என்று மூன்று நாள் சன்னதம் ஆடினார். நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. அகோசுவா யாம் வாங்க வந்தார்.

அகோசுவாவும் கானாப் பெண்தான், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. யாமை நகத்தால் சுரண்டி உள்நிறம் பார்க்காமல் வாங்கமாட்டார். சுரண்டிய யாமை வேறு யார் வாங்குவார் என்று இவர் கத்துவார். பதினைந்து வருடமாக இந்தச் சண்டை ஓயவில்லை. அன்றைக்குத் தில்லையம்பலத்தார் தடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எத்தினை வேணுமெண்டாலும் சுரண்டுங்கோ. எனக்கு உங்கட பாசையைச் சொல்லித்தாங்கோ." இருவரும் பேசுவது ஆங்கிலம்தான். எனக்கு அவர் நடித்துக் காட்டிய தமிழிலேயே தருகிறேன். 'அண்ணை' என்ற சொல் மட்டும் அகோசுவாவின் சொந்தத் தமிழ்.

மெலனிக்கு ஆங்கிலம் தெரியுமே, ட்வீ எதற்கு என்று கேட்டேன். தராசுத் தட்டைத் துடைத்தபடி தில்லையம்பலத்தார் சொன்னார்.

"இங்கிலீசில சொறி எண்டிறது பஸ்ஸுக்குள்ளை கால் மிதிச்சாலும் சொல்லுறது. தமிழில மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. புதுப் பாசையில எண்டா வெக்கம் தெரியாது."

கிழங்குப் பெட்டி மட்டை ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் பாடம் தொடங்கியது. மெ என்றால் நான். வொ என்றால் நீ. ஒனொ என்றதும் பேனாவை நிறுத்தினார்.

"அவனோ, அவளோ?"

"ரெண்டுக்கும் அதுதான்."

"ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு தெரியாமல் எப்பிடிக் கதைக்கிறது?"

"தெரிஞ்ச ஆளைப் பற்றித்தானே அண்ணை கதைக்கிறம்."

பிறகு குரலைத் தாழ்த்தி, சாமான்களுக்குத் தனிச்சொல் உண்டா என்று விசாரித்தார். உண்டு, எனொ. மனிதரை அப்படிச் சொல்வதில்லை. தில்லையம்பலத்தார் அதை எழுதினார், பிறகு வெட்டினார். "உது எனக்குத் தேவைப்படாது" என்றார்.

ஆளை நிறுக்க அவருக்குத் தராசு வேண்டியதில்லை. வாசலில் தலை தெரியும்போதே நிறுத்துவிடுவார். சட்டத்தரணிக்கு நீங்கள். கணக்காளருக்கு நீர். முருகனுக்கு நீ. மனைவிக்கு எதுவும் இல்லை, 'இஞ்சாரும்' மட்டும். லண்டனுக்கு முன் பதினொரு வருடம் சுவிஸில் சமையல் வேலை. ஜெர்மன் மொழியிலும் நீ வேறு, நீங்கள் வேறு. "அது ஒழுங்கான பாசை" என்பார். ட்வீயிலோ பிஷப்புக்கும் வொ, கள்ளனுக்கும் வொ. இது அவருக்குப் பொறுக்கவில்லை. பலருக்குச் சொல்லும் 'மொ'வை ஒருவருக்குச் சொன்னால் மரியாதையாகிவிடும் என்று தமிழ்க் கணக்கில் தானே தீர்மானித்து, அடுத்த கிழமை அகோசுவாவை 'மொ' போட்டு வரவேற்றார். அகோசுவா திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை.

"நான் ஒராள்தான் வந்தனான், அண்ணை."

"பின்னை மரியாதையை எங்கைதான் வைச்சிருக்கிறியள்?"

"உடம்பில" என்றார் அகோசுவா. இடக்கையால் எதையும் கொடுப்பதில்லை. பெரியவர்கள் முன் கால்மேல் கால் போடுவதில்லை. மதிக்கிற ஆள் வந்தால் எழும்பி நிற்பது. "வாயால நீங்கள் எண்டு சொல்லிப்போட்டு இருந்த இடத்திலயே இருந்தா அது என்ன மரியாதை?"

தில்லையம்பலத்தார் தன் ஸ்டூலைத் தடவிக்கொண்டார். "எனக்கு நாரிப் பிடிப்பு" என்றார்.

ஏழு கிழமை படித்தார். 'மெ பா வொ செவ்', உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன் என்று தொடங்கி, தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று முடியும் ஏழு மன்னிப்பு வசனம். யாம் அடுக்கு முன்னால் நின்றவர்களுக்கு அவர் கிழங்கோடு தனகிச் சண்டை பிடிப்பதுபோல இருந்திருக்கும். "என்னோட கதைக்கத் தமிழ் வாயில வராது. மனிசன் யாமோட ட்வீ கதைக்குது" என்று சிவகௌரி அக்கா என்னிடம் முறையிட்டார். செய்தி இல்ஃபோர்ட்டுக்கும் போய், நிரூபன் ஃபோனில் சிரித்தான். "அப்பா, மெலனிக்கே ட்வீ சரியா வராது." மகன் சிரித்து இரண்டு வருடமாகியிருந்தது. தில்லையம்பலத்தார் அந்த அழைப்பைப் பற்றி வந்த ஆட்களுக்கெல்லாம் சொன்னார். "அவளுக்கு வராட்டி என்ன, தாய்க்கு வரும்தானே."

கடைசிக் கிழமைதான் இடி விழுந்தது. கதவு தட்டும் சடங்கில் இரு பகுதிக்கும் ஒவ்வொரு பேச்சாளர் உண்டு. மாப்பிள்ளை பகுதிக்கு அகோசுவா பேச ஒப்புக்கொண்டிருந்தார்.

"நான்தான் கதைப்பன். நீங்கள் வாய் திறக்கக்கூடாது. தேப்பன் தானே கதைச்சா மரியாதையில்லை."

"அந்த ஏழு வசனம்?"

"ஒரு சொல்லும் ஏலாது."

தில்லையம்பலத்தார் மட்டையை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

வைகாசிச் சனிக்கிழமை. பெண் வீடு நோர்பரியில். உறவினர் ஒருவருக்கும் வரமுடியவில்லை. சிலருக்கு ஷிப்ட், சிலருக்குத் திடீர்க் காய்ச்சல். ஆள் காணாதென்று என்னை ஒன்றுவிட்ட தம்பியாக்கிக் காரில் ஏற்றினார். ராகுகாலம் கழியட்டும் என்று பெண் வீட்டுத் தெருமுனையில் பத்தரை வரை காத்திருந்தோம். நிரூபன் ஓட்டுனர் இருக்கையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொண்டுபோகவேண்டியது இரண்டு போத்தல் ஜின். சிவகௌரி அக்கா அவற்றை வெற்றிலை பாக்கோடு தட்டத்தில் வைத்து, வெறுமையாகக் கொண்டுபோகக் கூடாதென்று போத்தல் இரண்டுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டும் இட்டிருந்தார். பெண்ணின் மாமா ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இது என்ன என்று கேட்க, "அவையின்ர குடும்ப முத்திரை" என்று அகோசுவா கண் இமைக்காமல் அடித்துவிட்டார்.

வலப்பக்கத்தில் இருந்து தொடங்கி எல்லோருக்கும் கைகொடுத்தோம். இருத்தினார்கள். தண்ணீர் தந்தார்கள். அதன்பிறகுதான் வந்த காரியம் என்ன என்று பெண் பகுதிப் பேச்சாளர் கேட்டார். உங்கள் தோட்டத்தில் ஒரு பூவைக் கண்டோம், அதைக் கேட்டு வந்தோம் என்று அகோசுவா எடுத்துவிட்டார். ட்வீயில் கேள்வி போனது, பதில் வந்தது, சிரிப்பு எழுந்தது. தில்லையம்பலத்தார் கோட்டு சூட்டில் வியர்த்தபடி, சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டிருந்தார். நடுநடுவே என் காதுக்குள், "எங்களைப் பற்றித்தான் சொல்லுது... இப்ப அவையைப் பற்றி" என்று மொழிபெயர்த்தார். படித்தது முழுக்க வீண் போகவில்லை.

பெண்ணைக் கூப்பிட்டார்கள். இந்தப் போத்தல்களை ஏற்கலாமா என்று அவளிடம் மூன்று தரம் கேட்பார்கள், மூன்று தரமும் அவள் சம்மதிக்க வேண்டும் என்று அகோசுவா முன்பே சொல்லியிருந்தார்.

மெலனி மஞ்சள் உடுப்பில் வந்தாள். அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் இருந்தபடியே பார்த்தார்கள். அவள் எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

தில்லையம்பலத்தார் எழும்பினார்.

பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் பெண்ணுக்காக எழும்புவது அவர்கள் முறையிலும் இல்லை, எங்கள் முறையிலும் இல்லை. அகோசுவா கோட்டு நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவர் இருக்கவில்லை. நிரூபன் தகப்பனை அண்ணாந்து பார்த்தான்.

முதல் தரம் கேட்டார்கள். "ஆனே" என்றாள் மெலனி, ஆம் என்று, தரையைப் பார்த்தபடி. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் கேட்டபோது நிமிர்ந்தாள். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார், இரண்டு கையும் பக்கத்தில் தொங்க, வாய் இறுக மூடி. அவள் அவரைப் பார்த்தாள். சிவகௌரி அக்கா என் கையைப் பிடித்த இடம் பிறகு சிவந்திருந்தது.

"ஆனே" என்றாள் மெலனி.

எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ பாட்டு ஒன்றைத் தொடங்கினார். நெருக்கிப் போட்டிருந்த கதிரைகளில் எங்கே இருப்பது என்று தெரியாமல் மெலனி நடுவில் நின்றாள். இனி இருங்கோ என்று அகோசுவா மறுபடி கோட்டை இழுத்தார். தில்லையம்பலத்தார் ஒரு பக்கம் விலகி, வலக்கையை விரித்து, தான் இருந்த கதிரையை அவளுக்குக் காட்டினார்.