மௌரீன் மேடத்தின் சந்தேகம்

தமிழும் கன்னடமும் புழங்கும் லிங்கராஜபுரத்தில் பிறந்து, அங்கேயே நோயலைக் கல்யாணம் செய்துகொண்டு குடியிருந்த மௌரீனுக்கு யாரையும் சட்டென்று நம்பும் வழக்கம் இல்லை. நோயல் ஃபோனைக் கவிழ்த்து வைத்தால் போதும், "யாரு மெசேஜ்?" என்று கேட்டுவிடுவாள். அவன் சிரித்தபடி திருப்பிக் காட்டுவான். அதில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் இந்தக் குணம்தான் அவள் பாடம் நடத்திய தனியார் கல்லூரியில் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது. பரீட்சை ஹாலில் பிட் வைத்திருப்பவனை வாசலில் நுழையும்போதே கண்டுபிடித்துவிடுவாள்.

ஒரு வருஷம் பி.காம். முதலாண்டில் பாதிப் பேர் முதல் செமஸ்டரிலேயே ஃபெயிலானார்கள். பிரின்சிபால் ஆதிகேசவன் அவளைக் கூப்பிட்டார்.

"பி.யூ.ல பன்னெண்டாவது முடிச்சிட்டு வர்ற பசங்களுக்கு இங்க எப்படிப் படிக்கிறதுன்னே தெரியலம்மா. வாரம் ஒரு மென்டர் கிளாஸ் வைங்க. படிக்கிற பழக்கத்த உண்டாக்கணும். நீங்கதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொள்வது என்றால் கண்காணிப்பது என்றுதான் மௌரீன் எடுத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் தினமும் படிக்க வேண்டும், ஃபோனைத் தள்ளி வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். யார் தலையாட்டுகிறார்கள், யார் பொய்யாகத் தலையாட்டுகிறார்கள் என்று கவனித்தாள். வகுப்புக்கு வராதவர்களின் வீட்டுக்கு அன்றைக்கே மெசேஜ் போய்விடும்.

அப்படி ஒரு மெசேஜ் நீலசந்திராவில் குடியிருந்த வித்யாலட்சுமி என்ற மாணவியின் அப்பாவுக்குப் போனது. அந்த வாரம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள் என்பதை மௌரீன் விசாரிக்கவில்லை. வித்யாலட்சுமி மறுபடி வகுப்புக்கு வந்தபோது கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பேச மாட்டாள். 'என்னத்தையோ மறைக்குது இந்தப் பொண்ணு' என்று மௌரீன் மனதில் குறித்துக்கொண்டாள்.

அடுத்து வந்த இன்டர்னல் தேர்வில் வித்யாலட்சுமியின் மார்க் எகிறியது. கூடவே ஹரிஷ்குமாருக்கும், கேரல் என்ற பெண்ணுக்கும், இன்னும் சிலருக்கும். விடைத்தாள்களைத் திருத்தும்போது மௌரீனின் சிவப்புப் பேனா நின்றது. உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாத நிலையான செலவுக்கு உதாரணம் கேட்டிருந்தாள். பாடப்புத்தகத்தில் கட்டட வாடகை என்று இருக்கும். இவர்கள் எல்லாரும் கம்பெனி பஸ்ஸை எழுதியிருந்தார்கள். பஸ் நிரம்பி வந்தாலும் காலியாக வந்தாலும் டீசல் அதேதான், ஆகவே டீசல் நிலையான செலவு என்று ஒரே தப்பை எல்லாரும் செய்திருந்தார்கள். ஆனால் ஹாலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

கேள்வித்தாள் வெளியே போயிருக்கிறது, யாரோ விடை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் முடிவுக்கு வந்தாள். ஹரிஷ்குமாரைக் கூப்பிட்டாள்.

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல மேம். நாங்களே படிச்சோம்."

"எல்லாரும் ஒரே தப்பப் படிச்சீங்களா?"

அவன் கதவையே பார்த்தான். மௌரீன் நேராகப் போய் பிரின்சிபாலிடம் புகார் எழுதிக் கொடுத்தாள்.

அதோடு விடவும் அவளுக்கு மனமில்லை. அந்தக் கூட்டம் தினமும் காலையில் கல்லூரி திறந்ததுமே கேன்டீன் பின்பக்கம் போகிறது என்று வாட்ச்மேன் சொன்னதைக் கேட்டு, மறுநாள் காலையில் சீக்கிரமே கிளம்பினாள். பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு இந்தப் பக்கம், சுவர் ஓரமாக நின்றாள். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறோம் என்ற படபடப்பு அவளுக்கு.

அங்கே கேஸ் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். புத்தகங்கள் மூடியிருந்தன. ஃபோன்கள் எல்லாம் ஒரு டிபன் பைக்குள் கிடந்தன. வகுப்பில் வாய் திறக்காத வித்யாலட்சுமி, முந்தின நாள் மௌரீன் நடத்திய பாடத்தைத் தமிழும் கன்னடமுமாகக் கலந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் தடுமாறினாள்.

"ஸ்வல்ப இரு, ஒரு நிமிஷம், நீ ஒண்ண விட்டுட்ட," என்றாள் கேரல். "புக்க தொடாத. யோசிச்சு சொல்லு."

வித்யாலட்சுமி கண்ணை மூடி யோசித்தாள், சொன்னாள். பிறகு அடுத்தவன் முறை. மௌரீன் சுவரை விட்டு வெளியே வந்ததும் பேச்சு அப்படியே நின்றது. ஹரிஷ்குமார் எழுந்து நின்றான்.

"தினமும் இப்படித்தானா?"

"ஆமா மேம். அன்னிக்கு நடத்துனத மறுநாள் பாக்காம சொல்லணும். தெரியாட்டி மத்தவங்க சொல்லுவாங்க."

"அந்த டீசல்?"

"அது நான் சொன்னது," என்றான் ஹரிஷ்குமார். "எங்கப்பா பொம்மசந்திராவுல கம்பெனி பஸ் ஓட்டுறாரு. அவரு சொல்லுவாரு, ஆளு இருந்தாலும் இல்லாட்டியும் டீசல் குடிக்கும்னு. இவங்க எல்லாம் அதையே எழுதிட்டாங்க."

மௌரீன் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஒரு ட்ரிப்புக்குள்ள பாத்தா உங்கப்பா சொல்றது சரி. ஆர்டர் ஜாஸ்தியாகி இன்னொரு ஷிஃப்ட் போட்டா?"

"இன்னொரு ட்ரிப் ஓடும்... அப்ப டீசல் ஏறும்," என்றான் அவன் மெதுவாக.

"இத ஏன்டா அன்னிக்கே எங்கிட்ட சொல்லல?"

வித்யாலட்சுமிதான் சொன்னாள். "உங்ககிட்ட எது சொன்னாலும் வீட்டுக்கு மெசேஜ் போயிடும் மேம். போன தடவை போனதுக்கே எங்கப்பா காலேஜ நிறுத்திட்டு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போன்னுட்டாரு. எங்கம்மா அழுததாலதான் விட்டாரு. இன்னொரு மெசேஜ் போச்சுன்னா அவ்ளோதான்."

மௌரீன் எழுந்து பிரின்சிபால் அறைக்கு நடந்தாள். அவள் எழுதிய புகார் அவர் மேசையில் இருந்தது.

ஆதிகேசவன் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நேத்து நீங்களேதான் மால்பிராக்டிஸ்னு எழுதிக் குடுத்தீங்க. இன்னிக்கு நீங்களே இல்லங்கறீங்க. பசங்க ஏதாச்சும் மிரட்டுனாங்களா? இல்ல, அவங்கள்ள யாராச்சும் உங்களுக்கு வேண்டியவங்களா?"

தன்னை ஒருவர் அப்படிப் பார்ப்பது மௌரீனுக்கு அதுதான் முதல் தடவை. எதைச் சொன்னாலும் அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

"நீங்களே கேள்வி போடுங்க சார். உங்க ரூம்லயே எழுதட்டும். நான் பக்கத்துலயே வர மாட்டேன்."

எழுதினார்கள். எல்லாரும் தேறினார்கள். வித்யாலட்சுமிக்கு மட்டும் முன்பைவிட மார்க் குறைந்திருந்தது. "குறைஞ்சிருக்கே," என்று ஆதிகேசவன் இழுத்தார். "உங்க முன்னாடி உக்காந்து எழுதினா யாருக்குமே குறையும் சார்," என்றாள் மௌரீன். அவர் புகாரைத் திருப்பிக் கொடுத்தார். முழுசாக நம்பித்தான் கொடுத்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மென்டர் வகுப்பில் அவள் அதிகம் பேசவில்லை. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, புத்தகத்தை மூடிவிட்டு, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கச் செய்தாள். வீட்டுக்கு மெசேஜ் அனுப்புவதற்கு முன்னால் பிள்ளையைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். கேட்ட பதிலை நம்புவதற்கு அவள் பாடுபட வேண்டியிருந்தது. சில சமயம் பதில் சொல்லிவிட்டுப் போனவர்களின் முகத்தை வராந்தாவில் தூரத்திலிருந்து மறுபடியும் பார்ப்பாள்.

செமஸ்டர் முடிவில் அந்தக் கூட்டத்தில் கேரலுக்கு மட்டும் ஒரு பேப்பர் ஃபெயிலானது. வித்யாலட்சுமி எல்லாவற்றிலும் தேறினாள். கேன்டீன் பெஞ்சுக்கு இப்போது வேறு பிரிவுப் பிள்ளைகளும் வருகிறார்கள். மௌரீனை அவர்கள் எப்போதாவது, ஒரு கணக்கு யாருக்கும் புரியாதபோது மட்டும், ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அவள் போய்ச் சொல்லிக்கொடுப்பாள். சொல்லி முடித்ததும் பேச்சு நின்றுவிடும், அவள் எழுந்து போகட்டும் என்று எல்லாரும் காத்திருப்பார்கள். அவளும் எழுந்து வந்துவிடுவாள்.