பேராக் ஆற்றங்கரையில் கேட்ட கதை

நான் கோபக்காரன். பாரிசின் லா சப்பலில் என்னைத் தெரிந்தவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சலூனில் வரிசை மாறி ஒருவன் கதிரையில் ஏறினாலே சண்டைக்குப் போகிற ஆள் நான். ஆனால் போன வருடம் மலேசியாவில், உண்மையாகவே கோபப்பட வேண்டிய இடத்தில், கை ஓங்காமல் நின்றேன்.

அண்ணை என்று நான் கூப்பிடுகிற ஒருவர் இருக்கிறார். சொந்தமில்லை. பாரிசுக்கு வந்த புதிதில் லா சப்பல் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் ஆறு பேர் படுத்தோம், அவரும் அதில் ஒருவர். இரண்டு பேரும் ஒரே உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவினோம். அங்கேதான் ஒருநாள் என் சொந்தத் தமையனைப் பற்றி அவரிடம் சொன்னேன். வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

இலங்கையில் சண்டை நடந்த காலம், ஊரில் ஒரு காலை தமையன் அவசரத்தில் ஆணியில் தொங்கிய நீலக்கோடு போட்ட என் சேட்டைப் போட்டுக்கொண்டு போனார். சேட்டுப் பையில் என் அடையாள அட்டை இருந்தது. எடுத்து வை என்று அம்மா சொல்லியும் சோம்பலில் விட்டிருந்தேன். அவருடைய அட்டை வீட்டில் கிடந்தது. ராணுவச் சோதனைச் சாவடியில், அட்டையின் முகமும் ஆளின் முகமும் பொருந்தவில்லை என்று அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பஸ் போய்விட்டது. தமையன் திரும்பி வரவேயில்லை. இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

சொல்லி முடித்து நான் அழுதபோது அண்ணை சவர்க்காரக் கையாலேயே என் தலையைத் தடவினார்.

அந்த நாட்களில் அகதிக் கேஸ் எழுதித் தருகிறவர்கள் தேநீர்க்கடை மேசையில் இருந்து, "என்ன நடந்தது? பலமாச் சொல்லும்" என்பார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். அண்ணைக்கு எனக்கு முதலே விசா கிடைத்திருந்தது. எனக்கு வந்தது ரெஜே. நிராகரித்துவிட்டார்கள். கடிதத்தை வாசித்த மொழிபெயர்ப்பாளர், "இதே கதையை முதலே ஒராள் சொல்லியிருக்காம். நம்பேலாதாம்" என்றார். சேட்டு, அட்டை, பஸ் எல்லாம் அப்படியேயாம்.

கேஸ் எழுதினவன்தான் என் கதையைத் தூக்கி இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டான் என்று முடிவுகட்டினேன். கடை கடையாகத் தேடி, ரூ காய் தெருவில் வைத்து அவன் கன்னத்தில் அறைந்தேன். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். நான் கேட்கவில்லை. கடைசியில் என்னைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு போனது அண்ணை.

விசாப் பேப்பர் கைக்கு வர இன்னும் ஒன்பது வருடம் எடுத்தது. அதற்குள் அம்மா போய்விட்டார். கொள்ளி வைக்க நான் போக முடியவில்லை.

போன வருடம் மலேசியாவுக்கு என்னைக் கூட்டிப்போனதும் அண்ணைதான். அவர் மனைவியின் தங்கை ஈப்போவில் இருக்கிறார். "தனியக் கிடந்து என்ன செய்யப்போறாய், நீயும் வா" என்றார். ஒருநாள் அவரும் மனைவியும் நானுமாகக் கார் பிடித்து, பேராக் ஆற்றங்கரையில் ஓர் இடம் பார்க்கப் போனோம். நூற்றைம்பது வருடம் முந்தி ஆட்டிப்படைக்க வந்த வெள்ளைக்கார அதிகாரியை மலாய்க்காரர் கொன்ற இடம் அது. கால்வைத்த மரவீடுகளும் பழைய ஆயுதங்களுமாக நினைவகம் கட்டி வைத்திருக்கிறார்கள்.

சுற்றிக் காட்டியவர் முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண். அதிகாரி ஆற்றில் குளிப்பு மறைப்புக்குள் நின்றபோது ஈட்டி பாய்ந்தது என்றார். அதன்பிறகு வெள்ளையர் படையோடு வந்து ஊர்களைக் கொளுத்தினார்கள், தலைவர்களைத் தூக்கில் போட்டார்கள், சுல்தானைக் கடல் கடந்த தீவொன்றுக்கு அனுப்பினார்கள். "எங்கள் குடும்பத்திலும் ஒருவர் காட்டுக்குள் ஓடினார். பெயர் மட்டும்தான் மிச்சம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, எங்களைப் பற்றிக் கேட்டார். இலங்கைத் தமிழர், பிரான்சில் இருக்கிறோம் என்றோம்.

"உங்கடை அண்ணையின்ரை கதையை இவவுக்குச் சொல்லுங்கோவன்" என்று அக்கா தன் புருசனிடம் சொன்னார். அண்ணையின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"இப்ப ஏன் அது" என்றார் அண்ணை.

"அவவும் தன்ரை ஆக்களைப் பற்றிச் சொன்னவ எல்லே. சொல்லுங்கோ."

அந்தப் பெண் காத்துக்கொண்டு நின்றார். அண்ணை என் பக்கம் திரும்பவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் தொடங்கினார். என் அண்ணன். அவசரம். என் சேட்டு, நீலக்கோடு. பைக்குள் என் அட்டை. அம்மா எடுத்து வைக்கச் சொன்னவ, நான் வைக்கேல்லை. பஸ் போய்விட்டது. முடிவை மட்டும் மாற்றியிருந்தார். அவர் கதையில் மூன்றாம் நாள் உடலைக் கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் மெய்யாகவே அழுதார். அந்த மலாய்ப் பெண்ணும் கண்ணைத் துடைத்தார்.

அக்கா படம் எடுக்கப் போன நேரம் அண்ணையை ஆற்றுப் படியில் பிடித்தேன்.

"நீங்களோ?" என்றேன்.

"கேஸ் எழுதினவன் இது காணாது, இன்னும் பலமா வேணும் எண்டவன்" என்றார். "உன்னட்டை ஒரு கதை இருந்தது. எனக்கு ஒண்டும் நடக்கேல்லையடா. அதுதான் பிரச்சினை."

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டாத் தந்திருப்பியே?"

தந்திருக்க மாட்டேன். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"எனக்கு ரெஜே வந்த அண்டைக்காவது வாய் திறந்திருக்கலாம்."

"விசாவைப் பறிச்சுப்போடுவாங்கள் எண்டு பயம்."

ஆறு மண்ணிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் அறைந்த அந்த மனிதனின் முகம் ஞாபகம் வந்தது. அவனை இனி எங்கே தேடுவது? அம்மா சாகக் கிடந்த நாட்களில் நான் விசா இல்லாமல் அலைந்ததும், பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னது இந்த மனிதர்தான் என்பதும் சேர்ந்து வந்தன. வெட்கக்கேடு, அவர் கொண்டுவந்த சோற்றை நன்றியோடு தின்றிருக்கிறேன். காரில் திரும்பும்போது அக்கா மட்டும் கதைத்துக்கொண்டு வந்தார். பாரிசுக்கு வந்தபின் அண்ணையின் அழைப்புகளை நான் எடுப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து, ரூ காயில் ஒரு மரக்கறிக் கடையில் அக்கா என்னைக் கண்டுவிட்டார். கூடை நிறைய வாழைக்காய், பூசணி, வாழையிலை.

"என்ன கோபமோ, வீட்டுப்பக்கமே வாறேல்லை. நாளைக்குக் கட்டாயம் வரோணும். இவரின்ரை அண்ணைக்குத் திவசம்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "திவசமோ?"

"ஓம். கலியாணம் கட்டின வருசத்திலையிருந்து நான்தான் சமைக்கிறன். வீட்டோடை செய்யிறது, ஒருத்தருக்கும் சொல்றேல்லை. இஞ்சை இருக்கிற ஐயர்தான் வந்து பேர் சொல்லிச் செய்வார்."

"என்ன பேர் சொல்லி?"

அக்கா சொன்னார். என் தமையனின் பெயர். அதைக்கூட அண்ணை மாற்றவில்லை.

என் தமையன் செத்துவிட்டார் என்று சொல்ல அம்மா கடைசிவரை யாரையும் விடவில்லை. நானும் எள்ளும் தண்ணியும் இறைத்ததில்லை. இங்கே ஒரு வீட்டில், நல்ல மனதோடு, இலை போட்டுப் படைத்து, வருடா வருடம் அவரைச் சாகடித்திருக்கிறார்கள்.

"நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டா அந்த மனுசன்ரை ஆத்துமா குளிரும்" என்றார் அக்கா.

"அக்கா, அவர் செத்தவர் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"என்ன கதைக்கிறியள்? இவரின்ரை அண்ணை..."

"இவரின்ரை அண்ணை இல்லை அக்கா. அது என்ரை அண்ணை. நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறன்."