முழுசாக ஒரு நிமிடம்

பிரசவ வார்டில் அந்த நர்ஸுக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். யார் வந்தாலும் மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுவாள். மற்றவர்கள் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

"வீட்டுக்குப் போய் என்னத்தைக் கிழிக்கப் போறா, எண்ணட்டும்" என்று சிரிப்பார்கள்.

உண்மைதான். அவள் அறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். கதவைத் திறந்தால் காலையில் விட்டுப்போன அதே அமைதி. இருபது வருஷத்தில் பழகிவிட்டது என்பாள். சுத்தப் பொய்.

அன்று மதியம் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி தனியாக வந்தாள். ஆடை ஆலையில் தையல்காரி. முதுகு வலி, அசதி என்றாள். தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை. பயிற்சி டாக்டர், "ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும், அனுப்பிடுங்க" என்றார்.

கடிகாரம் எண்ணினாள். இருபதைத் தாண்டக் கூடாத மூச்சு இருபத்தெட்டு! நாடித்துடிப்போ நூற்று இருபத்து நாலு. வலது விலாவுக்குக் கீழே பின்பக்கம் லேசாகத் தட்டியதும் தையல்காரி துள்ளிவிட்டாள்.

"காலைல மாத்திரை எதுவும் போட்டியாம்மா?"

"ரெண்டு போட்டேன். ஆலை வாசல்ல நெத்தியில சூடு பாப்பாங்க. இருந்தா உள்ள விடமாட்டாங்க. நாங்கல்லாம் போட்டுட்டுத்தான் கிளம்புவோம்."

"ஆஸ்பத்திரிக்கு வர்றப்பவுமா?"

"பழக்கதோஷம். நேத்துலேருந்து குளிர் தூக்கிப் போடுது. ஒண்ணுக்குப் போனா எரியுது."

அடிப்பாவி! வைத்தியம் பார்க்க வந்த இடத்திலும் காய்ச்சலை ஒளித்துவைத்திருக்கிறாள்.

"டாக்டர், காய்ச்சலை மாத்திரை மறைச்சிருச்சு. மூச்சை மறைக்க முடியல. பிரஷர் மேல் அளவே எண்பத்தெட்டுதான். சிறுநீர்க் கிருமி ரத்தத்துல ஏறியிருக்கும். தாமதிச்சா ரெண்டு உயிர்."

டாக்டர் ஓடிவந்தார், அது அவர் நல்ல குணம். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு கிருமிக்கொல்லி ஊசி நரம்பில் இறங்கியது, சலைன் ஓடியது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குழந்தையின் இதயத் துடிப்பும் கேட்டது.

சேர்க்கைப் படிவத்தில் 'உடனிருப்பவர்' என்றொரு கட்டம்.

"புருஷன் கப்பல்ல. வேற யாருமில்லை சிஸ்டர்."

யாருமில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் கடிகாரம் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன் பெயரையே எழுதினாள். 'உறவு' என்ற கட்டத்தில் என்ன எழுத? வெறுமையாக விட்டாள். வேலை முடிந்தும் போகாமல் கட்டிலருகே உட்கார்ந்து அரை மணிக்கொரு தரம் எண்ணினாள்.

"வீட்ல தேடமாட்டாங்களா?"

"தேட ஆள் இருந்தாத்தானே."

மூன்றாம் நாள் மூச்சு பதினெட்டுக்கு இறங்கியது. வயிற்றுக்குள் குழந்தை உதைத்து ரகளை பண்ணியது. ஊசிகள் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் குமாஸ்தா படிவத்தோடு வந்தார்.

"உறவு போடலையே. கூட இருந்தது யாரு?"

திரைக்கு அந்தப் பக்கம் கடிகாரம் வேறொருத்தியின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா சார். கூடப் பொறந்தவங்க."

பதினாறா, பதினேழா? கண்ணீர் மறைத்தது. முதல் தடவையாக எண்ணிக்கை தவறிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.