முடியும் நேரம் 7.20

திரை விலகியதும் மூன்றாவது வரிசையில் 'டிக்' என்று ஒரு சத்தம். டைம்கீப்பர் அக்கா வந்தாயிற்று. பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது எங்கள் வட்டாரக் கோடை நாடக விழாவின் நிகழ்ச்சி நிரலில் 'முடியும் நேரம்' என்ற கட்டத்தை நிரப்புவது அவர் பொறுப்பு. மற்றக் கட்டங்களுக்கு அச்சுப்பிழை பார்ப்பவன் நான். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் என் பேனா படக்கூடாது.

விழாவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பக்கத்து ஊர்க்காரர்கள். கடைசிப் பேருந்து ஏழரைக்கு. நாடகக் குழுக்களோ 'ஒன்றரை மணி நேரம்' என்று கூசாமல் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அக்கா ஒவ்வொரு ஒத்திகைக்கும் நேரில் போய் ஸ்டாப் வாட்சை அமுக்குவார். ஒரு நாடகத்தின் கதை என்னவென்று கேட்டால் "ஒண்ணு இருபத்தெட்டு" என்று நேரத்தைத்தான் சொல்வார்.

சென்ற ஆண்டு அவரே சறுக்கினார். ஒரு நகைச்சுவை நாடகத்தை ஆளில்லாத கூடத்தில் அளந்துவிட்டார். அரங்கம் நிறைந்த அன்று ஜனங்கள் சிரித்த சிரிப்பில் பத்து நிமிடம் கூடிப்போனது. கடைசிக் காட்சியில் கதாநாயகி, எழுந்து ஓடுகிறவர்களின் முதுகைப் பார்த்து வசனம் பேசினாள். உள்ளே போய் அழுதாள். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த ஆண்டும் அதே குழு, அதே கதாநாயகி. ஒத்திகைக்கு அக்கா, டூட்டி முடிந்த கண்டக்டர்கள் பதினான்கு பேரைக் குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். "சிரிப்பையும் அளக்கணும்ல? வாய்விட்டுச் சிரிங்கப்பா, சும்மா பல்லைக் காட்டாதீங்க."

குழு எழுதிக்கொடுத்ததைவிடப் பதினோரு நிமிடம் அதிகம்.

இயக்குநர் சிலிர்த்துக்கொண்டார். "வசனத்துல கை வைக்க விடமாட்டேன்க்கா. மேடையில தானா ஓடிடும்."

"பஸ்ஸும் ஓடிடும் தம்பி. உங்க வசனத்த யாரு தொட்டா? காட்சி மாறுறப்பல்லாம் மேடைக்கு இந்தக் கட்டில் நாலு தடவ உள்ள வருது, வெளிய போகுது. தடவைக்கு ரெண்டே முக்கால் நிமிஷம். அது அங்கயே கிடக்கட்டும். அது மேல கறுப்புத் துணியப் போட்டா கோர்ட்டு, ஃபைல அடுக்கினா ஆபீஸ்."

"பாக்குறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அதுக்கும் ஒரு நிமிஷம் ஒதுக்கியிருக்கேன்."

மூன்று நாள் மல்லுக்கட்டினார்கள். நான் இயக்குநர் பக்கம்தான். கட்டில் நீதிமன்றமாவது எனக்கும் பொறுக்கவில்லை. அக்கா யாரையும் கேட்கவில்லை. '7.20' என்று பட்டையாக எழுதி, தாளை அச்சகத்தில் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அச்சாகி வந்தபிறகு கட்டிலை நகர்த்த வழியில்லை.

கடைசிக் காட்சி தொடங்கியதும் எழுந்துபோய்ப் பேருந்தின் முன்னால் நின்றுகொள்வது அக்காவின் வழக்கம். ஓட்டுநர் ஒரு நிமிடம் முந்திவிடக் கூடாதே. ஒத்திகையில் கண் ஸ்டாப் வாட்சிலேயே இருக்கும்; எட்டு வருட விழாவில் ஒரு நாடகத்தின் முடிவைக்கூட அவர் ஜனங்களோடு உட்கார்ந்து பார்த்ததில்லை.

நாடகம் நடந்த அன்றும் பையை மாட்டிக்கொண்டு கதவுவரை போனார். கதாநாயகி கட்டிலில் உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். அக்கா திரும்பி, வரிசை வரிசையாகப் பார்த்தார். மணி ஏழு பத்து. ஒருவரும் எழவில்லை. மெல்ல நடந்து வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். ஓடிக்கொண்டிருந்த ஸ்டாப் வாட்சை மடியில் கவிழ்த்து வைத்தார்.