ஈரல் வெடித்த குதிரைகள்

பாம்புக்கடி மருந்து செய்யும் அந்த நிறுவனத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘முள்ளு டாக்டர்’. செத்த குதிரையை அறுத்துப் பார்த்து, ஏன் செத்தது என்று கண்டுபிடித்து எழுதுவது அவள் வேலை. உயிரோடிருக்கும் மனிதர்களோடு அவளுக்கு ஒத்துப்போகாது. அவர்களுக்கும் அவளோடு ஒத்துப்போகாது.

லாயத்தில் தொண்ணூறு குதிரைகள். விஷத்தைச் சிறுகச் சிறுக ஏற்றி, உடம்பு அதற்குப் பழகியதும் ரத்தம் எடுத்து, அதிலிருந்து மருந்து பிரிப்பார்கள். அந்த வருடத்தின் நான்காவது சாவு ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. தீனி தின்றுகொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தது. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. அறுத்தால் வயிறு முழுக்க ரத்தம். ஈரல் இரண்டு மடங்கு வீங்கி, விரல் பட்ட இடமெல்லாம் நனைந்த பச்சைச் செங்கல் போல உதிர்ந்தது. முன்பு செத்த மூன்றின் ஈரல் துணுக்குகளையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். நான்கிலும் மெழுகு போல ஒரு புரதம் அப்பியிருந்தது. நான்குமே வருடக்கணக்கில் ஓய்வில்லாமல் விஷம் வாங்கியவை.

உற்பத்தி மேலாளர் அந்நியர் அல்ல, அவள் தங்கையின் கணவர். அந்த வரனைத் தேடிக் கொண்டுவந்தவளே இவள்தான். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதை.

“வயித்து வலின்னு எழுதிடுங்க அண்ணி” என்று அறிக்கையைத் திருப்பித் தள்ளினார்.

“ஆபீஸ்ல அண்ணி கிடையாது. டாக்டர்.”

“சரி டாக்டர். வயித்து வலி.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க. அஞ்சு வருஷம் தாண்டின குதிரைக்கு ஓய்வு குடுங்க. மாசாமாசம் ரத்தத்தைச் சோதிக்கணும்.”

“பாதிக் குதிரையைப் புல் மேய விட்டுட்டு, பாம்பு கடிச்சவனுக்கு உங்க அறிக்கையைக் கரைச்சு ஊத்தவா?”

“செத்த குதிரைகிட்ட எத்தனை பாட்டில் கறப்பீங்க?”

மறுவாரமே அவளுடைய ஆய்வகம் தீவனக் கிடங்குக்கு மாறியது. உதவியாளரையும் பிடுங்கிக்கொண்டார்கள். குதிரைகளுக்கு ஓய்வு என்றால் தங்கள் ஊக்கத்தொகை போய்விடும் என்று யாரோ கொளுத்திப் போட, லாயத்து ஆட்கள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருநாள் அவள் நாற்காலியில் யாரோ சாணியை அப்பி வைத்திருந்தார்கள். துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

தங்கை வீடு தேடி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உனக்கு யாரும் நல்லா இருந்தா பொறுக்காதா அக்கா? அவர் வேலைக்கு உலை வைக்கிறியே.”

“உன் புருஷன் வேலையைப் பத்தி நான் ஒரு வரி எழுதல. குதிரையைப் பத்திதான் எழுதினேன்.”

“குதிரையையே கட்டிக்கிட்டு அழு.” தங்கை கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவளே எல்லாக் குதிரைகளின் ரத்தத்தையும் சோதித்தாள். பதினொரு குதிரைகளுக்கு ஈரல் கெட்டிருந்தது. அவற்றின் கொட்டடிக் கதவுகளில் சுண்ணாம்புக் கட்டியால் குறுக்குக்கோடு போட்டாள். மேலாளர் அழிக்கச் சொன்னார். தலைமை லாயக்காரர் ஈரத்துணியோடு வந்து, அவள் பார்க்கப் பார்க்கவே துடைத்தார். அவர் போனதும் திரும்பப் போட்டாள். இப்படி நாலு நாள் நடந்தது.

ஐந்தாம் நாள், கதவில் கோடு போட்டிருந்த செம்மண் நிறக் குதிரை ஒன்றை ரத்தம் எடுக்கும் கூடத்துக்கு அதே லாயக்காரர் பிடித்து வந்தார். ஊசி ஏறுமுன்பே அதன் ஈறுகள் வெளுத்தன. முன்னங்கால் மடிந்து, அவர் மேலேயே சாய்ந்தது. குதிரை செத்தது. அவர் கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவள் வெறுங்கையோடுதான் போனாள்.

“மிச்சம் பத்தையும் யாரும் தொடமாட்டாங்க. சொல்லிட்டேன்” என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டே. “உங்களுக்காக இல்ல. எங்க காலுக்காக.”

“எதுக்காகவோ. தொடாம இருந்தா சரி.”

ஆட்கள் அந்தப் பத்தையும் தொட மறுத்ததால் மேலாளர் இறங்கி வரவேண்டியதாயிற்று. ஓய்வு விதி அமலுக்கு வந்தது. உத்தரவின் அடியில் இருந்தது மேலாளர் கையெழுத்து மட்டும். தங்கை அதன்பிறகு இவள் வாசல் மிதிக்கவில்லை.

அடுத்த வருடம் ஒரே ஒரு குதிரைதான் செத்தது. வருடாந்தரக் கூட்டத்தில் மேலாளர் அதைத் தம் சாதனையாகப் படித்தார். கைதட்டல் ஓய்ந்ததும், கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்தாள்.

“அந்த ஒண்ணு ஓய்வுல இருந்த குதிரை. யார் சொல்லி அதை மறுபடி கூடத்துக்குக் கொண்டுபோனாங்கன்னும் படிங்க.”

மேலாளர் தாளைப் புரட்டினார். கூட்டத்தில் ஒருவர்கூடத் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. பதில் வரும்வரை உட்காருவதில்லை என்று அவள் நின்றுகொண்டே இருந்தாள்.