எட்டாவது குழி வரை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கிறவரை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருடமாக அதே அறை, அதே முக்காலி. நான் பன்றிகளிடம் ரத்தம் எடுக்கிறவன். கொட்டிலிலிருந்து நேராக அந்தப் பக்கம் போனால், "குளிச்சிட்டு வா, இல்லன்னா வராத" என்று கதவுக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே விரட்டுவார். குளித்துவிட்டுப் போனாலும் சந்தேகமாக ஒருமுறை முகர்ந்து பார்ப்பார்.

அந்த அறைக்குள் போனாலே எனக்குக் கண் சொக்கும். உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டிகள் மெல்ல முனகிக்கொண்டிருக்கும். இளஞ்சிவப்பு நீர் நிறைந்த புட்டிகளின் அடியில், செல்கள் இரண்டாகி, நான்காகி, சத்தமே இல்லாமல் பெருகிக்கொண்டிருக்கும். பெரியக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் லேசில் நிமிர மாட்டார். குளத்தின் அடியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருப்பார். ஞாயிற்றுக்கிழமையும் வந்து நீரை மாற்றுவார். "வீட்ல பூச்செடியெல்லாம் காஞ்சு கெடக்கு, நான் இங்க வந்து நிக்கிறேன் பாரு" என்று தன்னையே திட்டிக்கொள்வார். காரணமில்லாமல் ஒரு புட்டி செத்துப்போனால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. எனக்கு அது அசட்டுத்தனமாகப் படும்.

எங்கள் வேலை ஒரு பன்றி வைரஸைப் பற்றியது. பன்றிக்கு மூக்கிலும் குளம்போரத்திலும் கொப்புளம் போடும். மனிதரை ஒன்றும் செய்யாது. ஆனால் சிலவகைப் புற்றுநோய் செல்களைக் கண்டால் மட்டும் உள்ளே புகுந்து அவற்றை உடைத்துவிடும். அதையே ஊசி மருந்தாகப் போட்டுப் பார்க்கும் சோதனைக்கு நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு முக்கியமான நிபந்தனை: அந்த வைரஸ் உடம்புக்குப் புதிதாக இருக்க வேண்டும். முன்பே பழக்கமென்றால், ரத்தத்தில் ஊறியிருக்கும் எதிர்ப்புச் சக்தி மருந்தை வழியிலேயே தீர்த்துக்கட்டிவிடும்.

பெரியக்காவின் தம்பிக்கு நுரையீரலில் அந்தவகைக் கட்டி. மற்ற மருந்துகள் எல்லாம் கைவிட்டுவிட்டன. இந்தச் சோதனை ஒன்றைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். தம்பி பதினாறு வருடமாகப் பன்றி லாரி ஓட்டுகிறவர். அதைக் கேட்டதும் எனக்கு அந்த நிபந்தனைதான் ஞாபகம் வந்தது. பெரியக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவருக்குத் தெரியாததா?

நோயாளிகளின் ரத்தம் பரிசோதனைக்கு வரும் குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் அந்த வாரம் வந்தது ஒரே ஒரு குழாய்தான்; அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். தலைமை ஆய்வாளர், "வேற யாராவது பாக்கட்டுமேம்மா" என்றார்.

"என் தட்டை வேற யாரும் தொட வேண்டாம் சார்" என்றுவிட்டார் பெரியக்கா.

ரத்தநீரைக் குழிக்குக் குழி பாதியாக நீர்க்கவைத்து, வைரஸோடு கலந்து, தட்டில் எட்டுக் குழிகளில் வளரும் செல்கள்மேல் விட வேண்டும். மூன்று நாளில் செல்கள் செத்திருந்தால் எதிர்ப்பு இல்லை, ஆளுக்குச் சோதனையில் இடம் உண்டு. உயிரோடிருந்தால் இடம் கிடையாது.

மூன்றாம் நாள் காலை நானும் பக்கத்தில் நின்றேன். பெரியக்கா முதல் குழியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "எவ்வளவு அழகா இருக்குதுங்க பாரு!"

இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. எதைப் பார்த்துப் பூரித்தோம் என்று அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. தட்டைப் பிடித்திருந்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

இரண்டாவது குழி, மூன்றாவது, நான்காவது என்று எல்லாவற்றிலும் செல்கள் செழித்துக் கிடந்தன. ரத்தநீர் கலக்காமல் வெறும் வைரஸை விட்டிருந்த கீழ் வரிசையில் மட்டும் செத்து உருண்டு மிதந்தன. வைரஸில் ஒரு குறையும் இல்லை. ரத்தநீர் மிகவும் நீர்த்துப்போயிருந்த எட்டாவது குழிக்கு நகர்த்தியபோது பெரியக்கா மெதுவாகச் சொன்னார்: "செத்துத் தொலைங்களேன்."

அந்த அறையில் அப்படி ஒரு வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எட்டாவது குழியும் உயிரோடுதான் இருந்தது.

"இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாமேக்கா" என்றேன்.

"நான் தப்பாப் போட்டிருந்தா கீழ் வரிசை இப்படிச் செத்திருக்குமா?" என்று எரிந்து விழுந்தார். பிறகு தாளில், முத்து முத்தான கையெழுத்தில், எட்டு முறை 'உயிர்' என்று எழுதினார்.

அனுமதி வாங்கிக்கொண்டு சாயந்திரம் அவரே தம்பி வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். தம்பி ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். மஞ்சள் வெயில் போர்வைமேல் கிடந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே, "இடம் இல்லையாக்கா?" என்றார்.

"இல்லடா. அந்த வைரஸ் எப்பவோ உனக்கு வந்திருக்கு. உன் உடம்பு அதை அடிச்சு விரட்டியிருக்கு."

"எனக்குத் தெரியவே தெரியாதே. ஒரு தும்மல்கூட வரலையே." தன் கைகளை, யாருடையவோ போல, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயில் போர்வையை விட்டு இறங்கித் தரைக்குப் போனது. பிறகு கேட்டார்: "நல்லாத்தான் சண்டை போட்டிருக்கேன் போல?"

"ரொம்ப நல்லாடா" என்றார் பெரியக்கா. "எட்டுக் குழியில ஒண்ணுகூடச் சாகல." சொல்லும்போதே குரல் உடைந்து, தம்பியின் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.